ஈ மொய்க்காத மீன்

ஸெய்னுதீன் நானா சிரித்த முகத்தோடு மீன் விற்ற மனிதர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இப்போது லிங்கநகரில் யாரைக் கேட்டாலும் "அவர் தங்கமான மனிசன்" என்கிறார்கள். அந்தத் தங்கமான மனிதரை இரண்டரை மாதம் வாசலில் வைத்தே விரட்டியடித்தவர்களும் இவர்கள்தான். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

அவருக்கு ஊர் கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணி; அங்கே முஸ்லிம்கள் அண்ணனை 'நானா' என்பார்கள். வயது ஐம்பத்து நாலு. விடியற்காலையில் வள்ளம் வந்து சேரும் இடத்திலேயே மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய நீல ஐஸ் பெட்டிக்குள் அடுக்கி, கிண்ணியாப் பாலம் தாண்டி, ஏழு மணிக்கெல்லாம் எங்கள் ஒழுங்கைக்குள் ஹோர்ன் அடிப்பார். அதற்கு முன் ஒன்பது வருடம் கட்டாரில் ஒரு மீன் குளிர்களஞ்சியத்தில் வேலை செய்தவர். அங்கே படித்த சட்டங்களை எல்லாம் இங்கே எங்கள் தலையில் கட்டினார். பெட்டி மூடியை ஒரு சாணுக்கு மேல் திறக்கமாட்டார். கேட்ட மீனை எடுத்ததும் டப்பென்று மூடிவிடுவார். தராசுத் தட்டை வீட்டுக்கு வீடு கழுவுவார். எங்கள் பெண்களுக்கோ செவுளைக் கிளப்பி, வயிற்றை அமுக்கி, மூக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தால்தான் அது மீன். அவரிடம் அந்தப் பருப்பு வேகாது.

"கைய எடுங்க. காசக் குடுத்துட்டு வீட்ட கொண்டுபோய்க் கொஞ்சுங்க" என்பார்.

முதல் நாள் எனக்கும் அதுதான் கிடைத்தது. மூன்று நாள் அவரிடம் வாங்காமல் வீம்பு பிடித்தேன். நாலாம் நாள் நானாகவே போனேன். அவருடைய விளைமீன் அப்படி. குசினிக்குள் வைத்து வெட்டினால் அடுத்த அறைக்கு மணம் போகாது. அதன் பிறகு ஆறு வருடம் அவரைத் திட்டிக்கொண்டே அவரிடம்தான் வாங்கினேன்.

நான் வேலை செய்வது ஒரு பொதுச்சேவை வானொலியில். காலை ஒன்பது மணிக்கு 'சந்திக் கதை' என்று ஒரு நிகழ்ச்சி போகும். அதற்கு வரும் அழைப்புகளை எடுத்து, யார், எங்கிருந்து, என்ன விசயம் என்று கேட்டு உள்ளே அனுப்புவதும், இடையில் பாட்டுப் போடுவதும் என் வேலை. கந்தளாயில் வயலுக்குள் யானை, நகரத்தில் குப்பையைத் தின்னும் மான், மூன்று நாளாகத் தண்ணீர் வராத குழாய், கிரவலைக் கொட்டிவிட்டு மறந்துபோன வீதி. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கலையகத்தில் ஓர் அதிகாரி இருந்தால் அழைப்பவர்கள் குழைந்து பேசுவார்கள். அதிகாரி இல்லாத நாட்களில் ஒருவரையொருவர் கடித்துக் குதறுவார்கள்.

நிகழ்ச்சியை நடத்துபவர் றொமேஷ். பதினொரு வருட அனுபவம், நல்ல குரல், அந்தக் குரலில் அவருக்கே பெரிய மயக்கம். யார் என்ன சொன்னாலும் இடையிடையே "ஓம்… ஓம்…" என்று போட்டுக்கொண்டிருப்பார். கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லுங்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான். தொலைபேசியில் ஓம் போடாவிட்டால் மறுமுனையில் "ஹலோ, ஹலோ, இருக்கிறீங்களோ?" என்று கத்துவார்கள். ஆனால் ஓம் என்றால் 'ஆம், உண்மைதான்' என்றும் அர்த்தம்; வீட்டில் போடுகிற ஓமும் வானொலியில் போடுகிற ஓமும் ஒன்றல்ல என்று நான் இரண்டு தடவை றொமேஷிடம் சொன்னேன்.

"மெலனி, நீர் போனைப் பாரும்" என்றார்.

எங்கேயோ மீன் பழுதாகாமல் இருக்கப் போமலின் மருந்து அடிக்கிறார்களாம் என்று முகநூலில் ஒரே பேச்சாக இருந்த வாரம் அது. செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு ஓர் அழைப்பு வந்தது. குரலைக் கேட்டதுமே ஆளைத் தெரிந்துவிட்டது. எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது வீடு, மக்டலின் அக்கா. ஞாயிறு பூசையில் எனக்கு முன்வரிசை வாங்கில் உட்காருபவர்.

"என்ன விசயம் அக்கா?"

"மீன் விலையைப் பற்றி. என்ர பேரை மட்டும் சொல்லிப்போடாதையும்."

நம்பி அனுப்பினேன். அது என் பிழை.

"வணக்கம் றொமேஷ். நான் லிங்கநகரில இருந்து ஒரு தாய் கதைக்கிறன். எங்கட பக்கம் கிண்ணியாவில இருந்து ஒரு மீன்காரர் வாறவர். மோட்டார் சைக்கிள், நீலப் பெட்டி."

"ஓம்."

"அவற்ற மீனில ஒரு ஈ மொய்க்காது. ஒண்டுகூட. நான் கவனிச்சுப் பாத்தனான்."

"ஓம்… ஓம்."

"மருந்தடிச்ச மீனிலதானே ஈ இருக்காது?"

"ஓம்."

"தொடவும் விடமாட்டார். மருந்து கையில பிடிபட்டுப்போடும் எண்டுதானே?"

"ஓம், ஓம்… நல்லது அம்மா. எங்கட பிள்ளைகள் என்னத்தைச் சாப்பிடினம் எண்டதில நாங்கள் கவனமா இருக்கவேணும். இப்ப ஒரு பாட்டு."

எனக்கும் கலையகத்துக்கும் நடுவிலிருந்த கண்ணாடியில் ஓங்கித் தட்டினேன். பாராட்டுகிறேன் என்று நினைத்து றொமேஷ் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

நிகழ்ச்சி முடிவதற்குள் அந்தத் துண்டு மட்டும் வெட்டப்பட்டு வட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கியது. மேலே ஒரு வரி: 'ரேடியோவே உறுதிப்படுத்தியது.' யாரும் எதையும் உறுதிப்படுத்தவில்லை. ஒரு மனிதர் பழக்கதோஷத்தில் ஓம் போட்டார், அவ்வளவுதான். ஆனால் லிங்கநகருக்கு மோட்டார் சைக்கிளில் நீலப் பெட்டியோடு வருகிற கிண்ணியாக்காரர் ஒருவர்தான்.

அடுத்த நாள் ஏழு மணிக்கு வழக்கம்போல ஹோர்ன் கேட்டது. ஒரு வீட்டு வாசல் கேற்றும் திறக்கவில்லை. ஒருத்தி மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "இனி இஞ்சால வராதையுங்கோ, பொலிசுக்குச் சொல்லுவம்" என்றாள். இன்னொரு வீட்டுக்காரர் அவருடைய இனத்தை இழுத்து நாலு வார்த்தை சொன்னார். அவற்றை நான் எழுதமாட்டேன். முதல் நாள்வரை அவரிடம் சூரை வாங்கித் தின்ற வாய் அது.

என் கணவர் டொமினிக், "வேண்டாம் மெலனி, பிள்ளையள் இருக்கினம். வடிவாத் தெரியுமட்டும் கோழியை வாங்குவம்" என்றார். எனக்கு வடிவாக, சந்தேகமில்லாமல் தெரியும். அந்த ஓம் என்ன ஓம் என்று இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவர் யாருமில்லை. ஆனாலும் நான் கேற்றைத் திறக்கவில்லை. ஒழுங்கையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது தனியாகத் திறக்கப் பயமாக இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவர் ஓடி ஒளியவில்லை. தானே மீனைக் கொண்டுபோய்ச் சுகாதாரப் பரிசோதகரின் மேசையில் வைத்து, "சோதிச்சுப் பாருங்க" என்று நின்றாராம். முடிவு வரப் பத்து வாரம் எடுத்தது. அந்தப் பத்து வாரமும் தினமும் வந்து ஹோர்ன் அடித்தார். திறக்காத கேற்றுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். வேறு பக்கம் போய் விற்கச் சொல்லி அவர் மனைவி பல்கீஸ் அழுதிருக்கிறார். "நான் போனா அவங்க சொன்னது உண்மையாப் போயிரும்" என்று மறுத்துவிட்டாராம். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஒழுங்கைக்குள் மறுபடியும் மீன் விற்க வேண்டும்.

மருந்து எதுவும் இல்லை என்ற கடிதம் வந்ததும், அதைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டுக்கொண்டு நேரே வானொலிக்கு வந்துவிட்டார். நிகழ்ச்சியில் பேச வேண்டும் என்றார். றொமேஷ் சம்மதித்தார். நியாயம் கண்டு அல்ல. சண்டை என்றால் கேட்பவர்கள் கூடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

கடிதத்தை ஸெய்னுதீன் நானாவே தட்டுத்தடுமாறி வாசித்தார். வாசித்து முடிப்பதற்குள் ஆறு அழைப்புகள் காத்திருந்தன. ஒன்றிலும் ஒரு நல்ல சொல் இல்லை. "ஒரு மீனைத்தானே சோதிச்சவை, மற்ற மீனுகளுக்கு என்ன உத்தரவாதம்?" என்றார் ஒருவர். "ஆளைப் பிடிச்சு எடுத்த கடிதமோ தெரியாது" என்றாள் ஒருத்தி. மூன்றாவது ஆள் கேட்டார்: "அப்ப ஏன் ஈ வரேல்லை? அதைச் சொல்லுங்கோ."

"ஐஸ் போட்டு மூடி வெச்சா ஈ எப்பிடிங்க வரும்? ஈ என்ன, சாவி கொண்டா வருது?"

நான் மட்டும்தான் சிரித்தேன். ஸெய்னுதீன் நானா அதற்குப் பிறகு அழைப்பவர்களை விட்டுவிட்டு றொமேஷின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அண்டைக்கு அந்தம்மா சொல்லச் சொல்ல நீங்க ஓம், ஓம் எண்டீங்க. என்னத்துக்கு ஓம் எண்டீங்க?"

"அது… நான் கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டதுக்கு, நானா."

"அப்ப, உண்மை எண்டு இல்ல?"

"அதை நாங்கள் தீர்மானிக்க ஏலாது. இது ஒரு மேடை மட்டும்தான்."

"தெரியாம ஓம் எண்டீங்க. இப்பக் கடிதத்தக் கண்ணால கண்டுட்டீங்க. இல்ல, இவரு மருந்தடிக்கல்ல எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்டும் வேணாம்."

றொமேஷ் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பார்த்து, பாட்டைப் போடு என்று விரலைச் சுழற்றினார். நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். மறுபடியும் சுழற்றினார். நான் அசையவில்லை. பதினொரு விநாடி எங்கள் வானொலி ஊமையாகக் கிடந்தது. கடைசியில் அந்த நல்ல குரல் வந்தது.

"நேயர்களே, எவரையும் புண்படுத்துவது எங்கள் நோக்கமல்ல. யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்."

அவ்வளவுதான். கேட்ட அந்த ஒரு சொல் வரவில்லை. ஸெய்னுதீன் நானா கடிதத்தை உறைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். பதினொரு விநாடி மௌனத்துக்காக எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. ஓமுக்காக யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை அவர் ஒழுங்கைக்குள் வந்து ஹோர்ன் அடித்தபோது எனக்குக் கோபத்தை அடக்க முடியவில்லை. வெளியே போய், தன் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த மக்டலின் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"மீன் விலை எண்டு சொல்லித்தானே அக்கா போன் எடுத்தனீங்கள்?"

"விலையும் கதைக்கத்தான் இருந்தனான். ஏன், நான் பொய்யே சொன்னனான்? ஈ மொய்ச்சதோ? நீரே சொல்லும்."

"சோதிச்சுக் கடிதம் வந்திட்டுது."

"கடிதத்தையே கறி வைக்கிறது? மீன் எண்டா ஈ வரவேணும். ஈ மொய்க்கிற மீனா ஒருநாள் கொண்டுவரட்டும், முதல் ஆளா நான் வாங்குறன்."

இதைத் தெருவுக்கே கேட்க வேண்டும் என்றுதான் அவர் கத்திச் சொன்னார். பத்தடி தள்ளி நின்ற ஸெய்னுதீன் நானாவுக்கு ஒரு சொல் தவறாமல் கேட்டிருக்கும். அவருடைய வாயிலிருந்து ஏதாவது சூடாக வரும் என்று காத்திருந்தேன். மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் வரும்போது பெட்டிக்கு மூடி இல்லை. பெட்டியின் மேல் ஒரு பலகை, பலகையில் மீன் பரப்பியிருந்தது. ஐஸ் இல்லை. பாலத்திலிருந்து வெயிலும் புழுதியும் பட்டுக்கொண்டே வந்திருந்தது. ஈக்கள் கூட்டமாகக் கூடவே வந்தன. மக்டலின் அக்கா சொன்ன சொல் தவறவில்லை, முதல் ஆளாகச் சட்டியோடு வந்தார். கேற்றுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. செவுளைக் கிளப்பினார்கள், வயிற்றை அமுக்கினார்கள், மூக்கடியில் பிடித்தார்கள். அவர் ஒருவரையும் தடுக்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்பதான் மீன் மாதிரி இருக்கு" என்று ஒருத்தி மெச்சினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் மேல் மட்டுமல்ல, அவர் மேலும். ஏன் இறங்கிப்போனார் என்று கோபம். இருந்தாலும் இரண்டரை மாதத்துக்குப் பிறகு என் கேற்றைத் திறந்துகொண்டு போனேன்.

"வெளமீன் இரிக்கு, தங்கச்சி" என்றார்.

விளைமீனின் கண்ணில் இரண்டு ஈக்கள் இருந்தன. செவுளுக்குள் இன்னும் சில.

"நானா, கீழ ஐஸில வைச்ச மீன் ஒண்டும் இல்லையா?"

"இல்ல. அது இஞ்ச போகாது."

"அப்ப… இண்டைக்கு வேண்டாம் நானா."

ஸெய்னுதீன் நானா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பழைய கோபம் அவர் முகத்தில் வரும் என்று நினைத்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூடிக் கொண்டுவந்தன், நீங்க கேற்றத் தொறக்கல்ல. தொறந்து கொண்டுவந்தா வேணாம் எங்கிறீங்க. நீங்க எந்த மீனத்தான் தங்கச்சி வாங்குவீங்க?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. மோட்டார் சைக்கிளை அடுத்த கேற்றுக்கு உருட்டிக்கொண்டு போனார்.