போபோடியில் என் புத்தகத்தின் பதினெட்டு ஜெராக்ஸ்கள்

2006 ஆகஸ்டில் நான் புனே போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. கோயம்புத்தூரில் பிளவுஸ் தைப்பவர்களுக்கான பேப்பர் கட்டிங் செய்து விற்கிறேன். தடித்த காகிதத்தில் அளவு வாரியாக வெட்டிய அச்சுகள். துணிமேல் வைத்து வரைந்து வெட்டினால் போதும். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று படங்களோடு ஒரு சின்னப் புத்தகம் எழுதி, சொந்தச் செலவில் ஆயிரம் பிரதி அச்சிட்டேன். படித்தவர்கள் கட்டிங் கேட்டு வருவார்கள் என்று நம்பினேன். ஒரு வருடத்தில் வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முக்கால்வாசிப் பிரதிகள் கட்டிலுக்கடியில் கிடந்தன.

அப்போதுதான் புனேயிலிருந்து செல்வி என்பவரின் கடிதம் வந்தது. ஊருக்கு வந்தபோது என் புத்தகத்தை வாங்கினாராம், பத்து செட் கட்டிங் வேண்டுமாம். அனுப்பினேன். அடுத்த மாதம் இருபது கேட்டார். அதற்கடுத்த மாதமும் இருபது. புத்தகம் மட்டும் ஒன்றுகூடக் கேட்கவில்லை. இத்தனையையும் வைத்துக்கொண்டு ஒருவர் என்னதான் செய்கிறார் என்று நேரில் பார்க்காமல் இருக்க முடியவில்லை. போனில் கேட்டால் ஆகாதா என்றார் வீட்டுக்காரர். ஆகாது என்று சொல்லிவிட்டு டிக்கெட் எடுத்தேன்.

காலையில் கோவையில் ஏறினால் மறுநாள் மதியம் புனே. எங்கள் வண்டி தாமதமாகி மூன்று மணிக்குத்தான் போய் நின்றது. புளிசாதம் இரண்டு வேளைக்குத் தாங்கியது. சோலாப்பூர் தாண்டியதும் பிடித்த மழை விடவே இல்லை. ஸ்டேஷன் வாசலில் ரிக்‌ஷாக்காரர் செல்வி இருக்கும் போபோடிக்கு எண்பது ரூபாய் கேட்டார். நான் உள்ளேயே திரும்பி லோனாவாலா லோக்கலில் ஏறினேன். டிக்கெட் நாலு ரூபாய். சிவாஜிநகருக்கு அடுத்த ஸ்டேஷன் கடக்கி, கால் மணி நேரம்தான். அங்கிருந்து பத்து நிமிட நடை.

செல்வியின் வீடு ஒரே அறை. கணவர் தொழிற்சாலை வேலைக்குப் போயிருந்தார். இரண்டு தையல் மெஷின்களைச் சுற்றி ஒன்பது மராட்டிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி மடியிலும் என் புத்தகம், ஆனால் ஜெராக்ஸ். தமிழ் வரிகளை அடித்துவிட்டு மேலே பேனாவால் மராட்டியில் எழுதியிருந்தார்கள். காலையில் இன்னொரு வகுப்பு, அதிலும் ஒன்பது பேர். என் முகம் போன போக்கை செல்வி பார்த்துவிட்டார். திருநெல்வேலிக்காரர்.

"கோவப்படாதீயக்கா. இவகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுல்லா. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டாக."

படித்து முடிக்கிற ஒவ்வொருத்தியும் ஒரு செட் கட்டிங் வாங்கிப் போகிறாள் என்றும் சொன்னார். அப்படியும் எனக்கு மனம் ஆறவில்லை. ராத்திரியெல்லாம் கண்விழித்து எழுதிய புத்தகம் அது.

அப்போது வந்தனா என்ற பெண் தயங்கித் தயங்கி முப்பத்திநாலாம் பக்கத்தைக் காட்டி இந்தியில் ஏதோ கேட்டாள். மார்பளவு நாற்பதுக்கு மேல் போனால் கை சேரும் கைக்குழி இறுக்குகிறது, அரை அங்குலம் கீழே இறக்கினால்தான் சரியாக வருகிறது என்கிறாளாம்; செல்விதான் தமிழில் சொன்னார். இருக்காது என்றுதான் முதலில் சொன்னேன். அவள் தைத்த இரண்டு பிளவுஸையும் எடுத்துவந்து முன்னால் வைத்தாள். டேப்பைப் பிடித்து அளந்தேன். அவள் சொன்னதுதான் சரி. பெரிய அளவை நான் தைத்துப் பார்க்காமல் கணக்குப் போட்டே வரைந்திருந்தேன்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து புதிதாக வரைந்தேன். ஒன்பது பேரும் தலைக்குமேல் எட்டிப் பார்த்தார்கள். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. என் புத்தகத்தை இவ்வளவு ஊன்றிப் படித்தவர்கள் சொந்த ஊரில்கூட இல்லை. கோபம் போன இடம் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிறு, வகுப்பு கிடையாது. செல்வி, வந்தனா உட்பட ஆறு பேர் ஸ்வார்கேட்டில் பஸ் ஏறி கடக்வாஸ்லா அணைக்குப் போனோம். இருபது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அணை நிரம்பித் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தேய்த்த சுட்ட சோளம், சுடச்சுட வெங்காய பஜ்ஜி. ஒரு குடைக்குள் மூன்று பேர் நின்று தின்றோம். மராட்டியில் புத்தகம் போடலாம், கட்டிங்கை இங்கே நீங்களே விற்கலாம், அட்டையில் இருவர் பெயரும் வரட்டும் என்று செல்வியிடம் சொன்னேன்.

"எம் பேரு எதுக்குக்கா?"

"மராட்டியில நானுங்களா சொல்லிக் குடுத்தேன்? சொல்லிக் குடுத்தவங்க பேரு இல்லாம எப்படிங்க?"

செல்வி ஒத்துக்கொண்டார். பிறகு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "வெல ஜெராக்ஸ விடக் கம்மியா இருக்கணும்." வந்தனாவுக்கு அதை அவர் மராட்டியில் சொன்னதும் சோளத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

அப்படியே செய்தோம். ஐந்தே மாதத்தில் மராட்டிப் புத்தகம் வந்தது, கைக்குழி திருத்தத்தோடு. கடைசிப் பக்கத்தில் கட்டிங் கிடைக்கும் விலாசம். இப்போது கோவையில் விற்பதைவிட புனேக்குப் போகும் பார்சல்தான் அதிகம். வெட்டுவதற்கு மூன்று பெண்களைச் சேர்த்திருக்கிறேன். கட்டிலுக்கடியில் கிடந்த தமிழ்ப் பிரதிகளையும் செல்வி வரவழைத்து, புனேயிலேயே இருக்கும் கோர்படி ரயில்வே காலனியின் தமிழ்க் குடும்பங்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். அங்கிருந்தும் ஆர்டர் வருகிறது.

தொழிலுக்காகப் புத்தகம் போட நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். போட்டதோடு நிற்காமல், அதை உபயோகிக்கிறவர்களை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். ஆகஸ்டில் போனால் குடையும், சீக்கிரம் காயும் புடவையும் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள். போபோடியில் என் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. செல்வி டீச்சர் வீடு எது என்று கேளுங்கள், கூட்டிக்கொண்டே போய் விடுவார்கள்.