திரையில் நலமாக இருந்தவர்

தூரத்தில் இருந்தபடி நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கு ஒரே ஒரு தகுதி போதும்: எதிர்முனையில் இருப்பவர் திட்டத் தொடங்கும்போது போனை வைத்துவிடக் கூடாது. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, யாரோ எழுதிக் கொடுத்ததை யாருக்கோ வாசித்துக் காட்டும் பிழைப்பில் நீங்களும் இருந்திருந்தால், இது உங்களுக்குத்தான்.

நான் திருப்பதியில் பொதுச் சுகாதாரம் படிக்கிறேன். வகுப்பில் இதை 'வீடு தேடி வரும் மருத்துவம்' என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அது எப்படித்தான் வருகிறது என்று பார்க்கலாமே என்று, காலை நேரங்களில் ஒரு தனியார் மருத்துவமனையின் வீட்டுக் கண்காணிப்புப் பிரிவில் சேர்ந்தேன். எனக்கு ஊர் புத்தூர் என்பதால் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களை என் தலையில் கட்டினார்கள். எங்கள் மேலாளர் கிரண் சார் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "அவங்க உன்னை தமிழ்ல திட்டட்டும், நீ எனக்கு இங்கிலீஷ்ல ரிப்போர்ட் குடு."

சிவப்பு வந்தால் போன்

நகரியில் சாயப்பட்டறை வேலை பார்த்து நுரையீரல் கெட்டுப்போனவர் கன்னியப்பன். மனைவி தெய்வானை. வீட்டில் ஓர் ஆக்சிஜன் மிஷின், அதிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய், விரலில் மாட்டும் கிளிப், கிளிப் காட்டும் எண்ணை எங்களுக்கு அனுப்ப ஒரு டேப்லெட். எல்லாம் மருத்துவமனை கொடுத்தவை. தினமும் காலையில் குழாயைக் கழற்றிச் சற்று நேரம் இருந்துவிட்டு கிளிப்பை மாட்ட வேண்டும். எண் தொண்ணூறைத் தாண்டினால் என் திரையில் கன்னியப்பன் பெயர் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பு என்றால் நான் போன் செய்து, "உடனே வந்து அட்மிட் ஆகிவிடுங்கள்" என்று வாசிக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. வண்டி யார் அனுப்புவார்கள், கூட யார் வருவார்கள், போனால் திரும்புவாரா என்றெல்லாம் அவர்கள் கேட்டால், மறுபடியும் அதே வாக்கியத்தை வாசிக்க வேண்டும்.

ஆரம்பத்தில் தினமும் சிவப்பு. தினமும் போன். தெய்வானை அத்தை முதலில் பணிவாகத்தான் பேசினார். கன்னியப்பனின் அண்ணன் இதே இருமலோடு ஓர் ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவர். திரும்பி வந்தது ஆம்புலன்ஸில், முகம் மூடி. அதனால் அட்மிட் என்ற சொல்லைக் கேட்டாலே அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அது எனக்குத் தெரியும்; நான் வாசிக்க வேண்டிய வாக்கியத்துக்குத் தெரியாது. ஒரு நாள் அத்தைக்குப் பொறுமை போய்விட்டது. "ஏம்மா, நீ டெய்லி போன் பண்றியே, அவரு நல்லா கீறாரான்னு கேக்கறியா, இன்னும் போவலியான்னு கேக்கறியா?"

வெள்ளைச் சட்டை

மாதம் ஒருமுறை டாக்டர் வீடியோவில் வருவார். டாக்டர் தெலுங்கில் கேட்பார், நான் தமிழில் கேட்பேன், பதிலை மறுபடி தெலுங்கில் சொல்வேன். அப்படி ஒரு நாள் திரை தெளிந்ததும் எனக்கே ஆச்சரியம். கன்னியப்பன் முகச்சவரம் செய்து, நெற்றி நிறைய விபூதி பூசி, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வெள்ளைச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பின்னால் தெருவில் பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மூட்டுவலிக்கு ஒரு மாத்திரை எழுதித் தரச் சொல்லி ஒரு அம்மாள் கேமராவுக்கு முழங்காலையே காட்டினாள். கன்னியப்பன் கும்பிட்டார், சிரித்தார், எதைக் கேட்டாலும் தலையை ஆட்டினார். வாயைத் திறந்தால் இருமல் வந்துவிடும் என்று திறக்கவில்லை. மூக்கில் குழாய் இல்லை. "பாகுன்னாரு, சால பாகுன்னாரு", நல்லாருக்கார், ரொம்ப நல்லாருக்கார் என்று டாக்டர் மெச்சிவிட்டு அடுத்த நோயாளிக்குப் போய்விட்டார்.

டாக்டர் போனதும் நான் அழைப்பைத் துண்டிக்காமல் இருந்தேன். சட்டைக் கழுத்துப் பட்டன் கழன்றது. ஆள் அப்படியே சுவரில் சாய்ந்தார். தெய்வானை அத்தை ஓடி வந்து குழாயை மாட்டினார். உதடு நீலமாக இருந்தது, நான் பார்த்தேன். ஏன் அத்தை கழற்றினீர்கள், அந்தக் குழாயைப் பார்க்கத்தானே டாக்டர் வந்தார் என்று கத்தினேன். பேச மூச்சு வந்ததும் கன்னியப்பனே பதில் சொன்னார். "அம்மாம் பெரிய டாக்டரு பாக்கறாரு. அவரு எதிர்ல மூக்குல டியூப மாட்டிக்கினு ஒக்காந்தா மரியாதையா இருக்குமா பாப்பா?"

இதை நான் கிரண் சாரிடம் சொன்னேன். டாக்டர் பார்த்தது நோயாளியை இல்லை, நோயாளி டாக்டருக்குக் காட்டிய மரியாதையை என்று வாதாடினேன். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கக்கூடிய வாக்கியம் அது. கிரண் சார் டீயை ஊதிக்கொண்டே கேட்டார். "டாக்டர் பாத்து நல்லாருக்காருன்னு எழுதிட்டாரு. செகண்ட் இயர் படிக்கிற நீ பாத்து இல்லன்னு எழுதப் போறியா?"

நாகலாபுரம் போன நாள்

அதற்குப் பிறகு கன்னியப்பன் பெயர் பச்சையாக மாறியது. தொண்ணூற்றெட்டு. மறுநாளும் தொண்ணூற்றெட்டு. எங்கள் பிரிவில் எல்லோருக்கும் சந்தோஷம். அந்த நுரையீரல் தொண்ணூற்றெட்டு காட்டும் என்றால் எருமை பறக்கும் என்று நான் சொன்னதற்கு, எனக்கு எதிலும் குறை கண்டுபிடிக்கும் வியாதி என்றார்கள். உங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒருத்தி இருப்பாள். அவள் பெயரைக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லுங்கள்.

ஒரு நாள் காலை எண் வரவில்லை. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. பயந்துபோய் போன் செய்தேன். தெய்வானை அத்தை எடுத்தார். பின்னால் கோயில் மேளம். நாகலாபுரத்தில் வேண்டுதல், முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாராம். டேப்லெட்டோ? ஊட்லதான் கீது. கிளிப்போ? அதுவும் ஊட்லதான் கீது. கன்னியப்பனோ? அவரும் ஊட்லதான் கீறாரு, பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொள்கிறாள். எல்லாம் வீட்டில் இருக்கும்போது எண் மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டேன். என்னைப் போல ஒரு மக்கை அவர் பார்த்ததே இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது. "நான் இங்க கீறனே பாப்பா, அங்க யாரு வெரலு குடுப்பாங்க?"

வரதய்யபாளையத்தில் ஒருத்தி

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. எங்கள் பிரிவில் ஒரு விதி உண்டு: தொடர்ந்து பச்சை காட்டி, வீடியோவில் டாக்டரும் நல்லாருக்கார் என்று சொல்லிவிட்டால், ஆக்சிஜன் மிஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டு அடுத்த நோயாளிக்குக் கொடுத்துவிடுவார்கள். நியாயமான விதிதான். ஆனால் மிஷின் கொடுத்தபோது இதை அந்த வீட்டுக்கு யாராவது சொன்னார்களா? சொல்லவில்லை. சிவப்பு வந்தால் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவார்கள் என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். பச்சை வந்தால் மூச்சையே எடுத்துக்கொண்டு போவார்கள் என்று தெரிந்திருந்தால், தெய்வானை அத்தை தன் விரலை நீட்டியிருப்பாரா?

மிஷின் எடுக்கும் பட்டியலில் கன்னியப்பன் பெயரைப் பார்த்ததும் கிரண் சார் மேஜைக்குப் போனேன். சட்டை, குழாய், விரல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, வரதய்யபாளையத்தில் ஒரு பெண் மிஷினுக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார். படுத்துத் தூங்கவே முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாளாம், இரண்டு சின்னக் குழந்தைகளாம். அவளுடைய எண்ணை எனக்குக் காட்டினார். எழுபத்தொன்பது. அப்படியானால் கூடுதலாக ஒரு மிஷின் வாங்க ஏன் யாரும் கேட்கவில்லை என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார். "நீ சொல்றது நிஜம்னா, அந்த நிஜத்தை கிளிப்புல காட்டச் சொல்லும்மா. என்னால நம்பரைத்தான் மேல அனுப்ப முடியும், உன் கோபத்தை அனுப்ப முடியாது."

அவர் விரல்

தெய்வானை அத்தையோடு அன்று நான் செய்த வாதம் மாதிரி எந்த மேடையிலும் செய்ததில்லை. அவர் விரலை மாட்டுங்கள் என்றேன். சிவப்பு வருமே என்றார். வரட்டும் என்றேன். வந்தால் கூட்டிக்கினு போயிடுவாங்களே என்றார். வராவிட்டால் மிஷினைக் கொண்டுபோய்விடுவார்கள் என்றேன். அவருக்குப் பின்னால் மிஷின் ஓடும் உறுமல் கேட்டது. கடைசியில் சம்மதித்தார். மறுநாள் காலை கன்னியப்பன் தன் விரலையே கொடுத்தார். எண்பத்திரண்டு. சிவப்பு. சிவப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஊழியர் எங்கள் பிரிவு வரலாற்றிலேயே நானாகத்தான் இருப்பேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு டீ குடிக்கும் நேரம்கூட நிற்கவில்லை. இவ்வளவு காலம் தொண்ணூற்றெட்டு காட்டியவர் திடீரென்று எண்பத்திரண்டு காட்டினால் கம்ப்யூட்டர் என்ன நினைக்கும்? கிளிப் பழுது என்று நினைத்தது. சிவப்பைத் தானாகவே அழித்துவிட்டு, கிளிப்பைச் சோதிக்க டெக்னீஷியனுக்குச் செய்தி அனுப்பியது. அவர் ஏற்கெனவே நகரிக்கு வேனில் போய்க்கொண்டிருந்தார், மிஷினை எடுக்க. நான் வேனுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. தெய்வானை அத்தைக்குச் செய்தேன். ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார், அங்கிருந்தே ஓடினார்.

அவர் வீட்டுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மருத்துவமனையில் இருந்து ஆள் வருகிறார் என்றதும் கன்னியப்பன் வெள்ளைச் சட்டையைப் போட்டிருக்கிறார். குழாயைக் கழற்றிச் சுருட்டி வைத்திருக்கிறார். கிளிப்பை டெக்னீஷியன் தன் விரலில் மாட்டிப் பார்த்தார், சரியாகத்தான் வேலை செய்தது. அப்படியென்றால் எண்பத்திரண்டும் நிஜம்தானே என்று யோசிப்பது அவர் வேலை இல்லை. மிஷின் இன்னொருவருக்குப் போகிறது, இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண் கஷ்டப்படுகிறாள் என்று அவர் சொன்னாராம். அதைக் கேட்டுக் கன்னியப்பனே பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். வேனில் இருந்தபடி டெக்னீஷியன் எனக்குப் போன் செய்தார், குரலில் பெருமை. "மேடம், இவரு பேஷண்ட்டே இல்ல மேடம். எனக்கு சோடா வாங்கிக் குடுத்து, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாரு."

நாளைக்கு வேன்

விதிப்படி நான் டாக்டரை நேரில் பார்க்கக் கூடாது. பார்த்தேன். புறநோயாளிகள் வரிசையை மீறி உள்ளே போய், வெள்ளைச் சட்டைக்கு அடியில் என்ன இருந்தது என்று சொன்னேன். யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும், அவர் காது கொடுத்துக் கேட்டார். முகம் மாறியது. உடனே கிரண் சாரைக் கூப்பிட்டு வேறு மிஷின் அனுப்பச் சொன்னார். கிரண் சாரும் எங்கெங்கோ பேசி ஒன்றைக் கண்டுபிடித்தார். எல்லோரும் அன்று நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். நகரிக்கு வேன் மட்டும் மறுநாள்தான் இருந்தது. ஆட்டோவில் அனுப்பலாமே, நானே மடியில் வைத்துக்கொண்டு போகிறேனே என்றேன். கிரண் சார் நிஜமாகவே வருத்தத்தோடு சொன்னார். "ஆட்டோவுல போயி ஒடஞ்சா யாரு பொறுப்பு? ஒரு நாள்தானம்மா."

சாயங்காலம் மூச்சு முட்டியதும் தெய்வானை அத்தை ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். எந்த அட்மிட்டுக்குப் பயந்து தன் விரலைக் கொடுத்தாரோ, அதற்கு அவரே கெஞ்சினார். வண்டி புத்தூரைத் தாண்டவில்லை.

கன்னியப்பனின் காரியம் முடிந்த பிறகு டேப்லெட்டையும் கிளிப்பையும் வாங்கி வர யாராவது போக வேண்டும் என்றார்கள். நான் பஸ் ஏறினேன். குற்றம் யாருடையது என்று வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போனேன்: விதியைச் சொல்லாதவர்கள், எண்ணை மட்டும் நம்பியவர்கள், வேனுக்குக் கிழமை வைத்தவர்கள். உங்கள் விரல் அந்த வரிசையில் இல்லை அத்தை என்று சொல்லத்தான் போனேன், சொல்லவும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கிளிப்பைத் துணியால் துடைத்தார். பிறகு பழக்கதோஷத்தில் விரலில் மாட்டினார். எண் வந்ததும் என் பக்கம் திருப்பிக் காட்டினார். "எனக்கு இன்னும் தொண்ணூத்தெட்டுதான் கீது பாப்பா. அத வச்சிக்கினு நான் இன்னா பண்ணட்டும்?"

எங்கள் பிரிவின் கணக்கில் கன்னியப்பன் இன்றைக்கும் 'கண்காணிப்பு நல்லபடியாக நிறைவடைந்தவர்' என்ற பத்தியில்தான் இருக்கிறார் என்பதால், நோயாளி வீட்டிலிருந்தபடியே மருத்துவமனைக்கு நல்ல பெயர் வாங்கித் தருவதுதான் வீடு தேடி வரும் மருத்துவம் என்று என் ஆய்வேட்டில் எழுதப் போகிறேன்.