கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு

சினிமாவுக்குச் சத்தம் சேர்க்கிற எங்கள் ஒலிக்கூடத்தில் சோனுன் அக்காவைச் சத்தக்காரி என்றுதான் சொல்வோம். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். திரையில் யார் நடந்தாலும் காலடி அவருடையது. மாவுப் பையைப் பிசைந்தால் பனியில் நடக்கிற சத்தம் வரும். பழைய குடையைப் படபடவென்று விரித்து மூடினால் கழுகு பறக்கும். எங்கள் பிஷ்கெக் நகரில் இந்த வேலையை யாரும் சொல்லித் தருவதில்லை. கையில் கிடைத்ததை உரசிப் பார்த்து, பிடிக்காவிட்டால் மறுபடி உரசி, அப்படியே கற்றுக்கொண்டார். பதிவு மேசையில் நான் உட்கார்ந்திருப்பேன். "சரியா இருக்குக்கா" என்றால், "உனக்குச் சரி, அந்தச் செருப்புக்குச் சரியில்ல" என்று இன்னொரு முறை நடப்பார்.

அவருடன் ஒரே வீட்டில் இருப்பவர் குமுஷாய் அக்கா. கால்நடை மருத்துவமனையில் ஊசி போடுகிற வேலை. இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். முப்பது வயதில் வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளச் சேர்ந்தார்கள் என்பது ஊருக்குச் சொன்ன கதை. வாடகை வீடு சொந்த வீடாகியும் அந்தக் கதையை யாரும் மாற்றவில்லை. குமுஷாயின் சிரிப்பு அந்தக் குடியிருப்பு முழுவதற்கும் தெரியும். முதலில் மூச்சை இழுப்பார். சத்தமே வராது. அப்புறம் கொதிக்கிற கெண்டியின் மூடி மாதிரி துள்ள ஆரம்பித்து, மேலே மேலே ஏறி, "ஐயோ, போதும்டி" என்று முடியும். மூன்றாம் மாடியில் அவர் சிரித்தால் கீழே பெஞ்சில் இருக்கிற கிழவர்கள் காரணம் தெரியாமலே சிரிப்பார்கள்.

மெதெத் என்ற இளம் இயக்குநர் ஒரு படம் கொண்டுவந்தான். ஏரிக்கரை ஊர் ஒன்றில் தையல் கடை வைத்திருக்கும் இரண்டு பெண்கள். ஒருவர்மேல் ஒருவருக்குக் காதல். கடைசி வரை இருவரும் சாகவில்லை என்பதே சோனுன் அக்காவுக்கு ஆச்சரியம். "இந்த மாதிரிப் பொண்ணுங்களுக்கு நான் இதுவரைக்கும் என்ன சத்தம் குடுத்திருக்கேன் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார். "ஒருத்தி ஆத்துல விழுந்தா. ஒருத்தி ரயிலேறிப் போனா. ஒருத்தி கதவைச் சாத்திக்கிட்டு அழுதா. தண்ணி, ரயில், கதவு. ஒரு வாய் டீ உறிஞ்சற சத்தம்கூட எவளுக்கும் குடுத்ததில்ல."

படத்தின் நடுவே இருவரும் முதன்முறையாக ஒரே அறைக்குள் போகிறார்கள். கதவு மூடுகிறது. அதன் பிறகு நெடுநேரம் கதவை மட்டும்தான் பார்க்கிறோம். கேமரா உள்ளே போனால் படம் வெளியே வராது என்று பணம் போட்டவர் சொல்லிவிட்டாராம்.

"உள்ள நடக்கிறது எல்லாம் உங்க கையிலதான்க்கா இருக்கு," என்றான் மெதெத். "பெருமூச்சு குடுங்க. வெளியில மழை."

"மழை எதுக்குப்பா? கதவு மேல வெயில் அடிக்குதே."

"ஒரு உணர்ச்சி வரும்க்கா."

"ரெண்டு பொம்பளைங்க ஒரு அறைக்குள்ள போனா உங்க எல்லாருக்கும் எங்கிருந்துடா மழை வருது?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். கேட்டதை அவர் செய்தும் கொடுத்தார். புறங்கையில் வாயை வைத்துப் பெருமூச்சு, தகரத்தில் அரிசியைத் தூவி மழை. மெதெத்துக்குத் திருப்தி. சோனுன் அக்கா மட்டும் வேலை முடியாதவர் போல, காலடிச் சத்தத்துக்குப் போடுகிற காலணியைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

"நாளைக்கு வேற ஒண்ணு எடுத்துக் காட்டறேன். பிடிக்கலைன்னா தூக்கிப் போட்டுடு."

மறுநாள் பெரிய மூட்டையோடு வந்தார். பிரித்தால் கனமான பஞ்சுப் போர்வை, வீட்டில் காலையில் மடித்து அடுக்கிவைக்கிற அதே போர்வை. பின்னாலேயே குமுஷாய், மருத்துவமனைச் சட்டையைக்கூட மாற்றாமல்.

"நாற்காலியில ஒரு முனையைக் கட்டிப் பார்த்தேன்," என்று எனக்குக் காரணம் சொன்னார் சோனுன் அக்கா. "நாற்காலி எதிர்ல நடந்து வராதே."

போர்வையை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. ஓங்கி ஒரு உதறு, பிறகு எதிரெதிரே நடந்து வந்து, ஒருவர் கை முனையை மற்றவர் கையில் கொடுத்து, குனிந்து மடிப்பை எடுத்து, மறுபடி பின்னால் போய், மறுபடி வந்து. கண்ணை மூடிக் கேட்டால் அந்த அறையில் இருவர் இருப்பதும், எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதும், அவசரமில்லை என்பதும் தெரிந்துவிடும்.

ஆனால் ஒலிவாங்கியைப் பார்த்ததும் குமுஷாய்க்குக் கை விறைத்துவிட்டது. கொடிக்கம்பம் மாதிரி நின்றார். உதறினால் வெறும் துணிச் சத்தம்தான் வந்தது. நான்கைந்து முறை வீணானது. அடுத்த முறை நடுவில் வந்து முனையைக் கொடுக்கும்போது சோனுன் அக்கா ஏதோ முணுமுணுத்தார். என் ஹெட்ஃபோனில் தெளிவாகக் கேட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். குமுஷாயின் பெரியக்கா சாபிரா, தங்கைக்கு மாப்பிள்ளை தேடுவதை இன்னும் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். பையில் சமோசாவும், வாயில் மனைவியை இழந்த ஒருவரின் விவரமும் இருக்கும். கடைசியாக வந்தவர் மாடு வளர்ப்பவர். கல்யாணம் ஆனால் ஊசி இலவசமா என்று கேட்டாராம்.

சோனுன் அக்கா முணுமுணுத்தது இதுதான்: "அவருக்கு ஊசியா, அவர் மாட்டுக்கா?"

குமுஷாய் மூச்சை இழுத்தார். கெண்டி மூடி துள்ளியது. போர்வையோடு சோனுன் அக்காவின் தோளில் சரிந்து, "ஐயோ, போதும்டி" வரைக்கும் போய்த்தான் நின்றது.

படத்தோடு ஓட்டிக் காட்டினேன். மூடிய கதவு, அதன்மேல் வெயில், உள்ளே போர்வை உதறுகிற சத்தம், காலடிகள், வார்த்தை புரியாதபடி நான் மங்கலாக்கிய முணுமுணுப்பு, அந்தச் சிரிப்பு. மெதெத் குமுஷாயின் பக்கம் திரும்பினான்.

"யாருக்கா இவங்க?"

"என்கூட இருக்கறவ," என்றார் சோனுன் அக்கா.

அவன் இருவரையும் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "மழையை எடுத்துடலாம்க்கா," என்றான்.

அவன் போன பிறகு சோனுன் அக்கா என் பக்கம் திரும்பி, "போர்வை இருக்கட்டும், சிரிப்பை வெட்டிடு கண்ணு. வேற யாரையாவது சிரிக்க வெச்சுப் போட்டுக்கலாம்," என்றார்.

"எதுக்கு வெட்டணும்?" என்றார் குமுஷாய்.

"உங்கக்கா நான் வேலை செஞ்ச எல்லாப் படத்துக்கும் வருவா. கடைசியில என் பேர் வர்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டா. இந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியாதா? உன்னைத் தூக்கி வளர்த்தவ."

"தெரிஞ்சா?"

"ஞாயித்துக்கிழமை வர மாட்டா. அப்புறம் எப்பவுமே வர மாட்டா."

குமுஷாய்க்கு வேறு சொந்தம் கிடையாது. மடித்த போர்வையின்மேல் உட்கார்ந்தார்.

"வேற ஒருத்தி சிரிச்சா, அங்க இருக்கிறது நீயும் வேற ஒருத்தியும்," என்றார். "அது எனக்கு வேணாம். நம்மள மாதிரி ஆளுங்க சினிமாவுல சிரிச்சு நான் கேட்டதே இல்லடி. இருக்கட்டும், விடு."

படம் வெளியான அன்று நான் அவர்களுக்குப் பின்வரிசையில் இருந்தேன். ஓரத்தில் சாபிரா, மடியில் சூரியகாந்தி விதைப் பொட்டலம். நடுவில் குமுஷாய், அடுத்து சோனுன் அக்கா. கதவு மூடியது. போர்வை உதறியது. சிரிப்பு வந்தபோது அரங்கில் முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு வரிசை வரிசையாகப் பரவியது. சாபிரா விதை கொறிப்பதை நிறுத்தினார். திரையைப் பார்க்கவில்லை. இருட்டில் தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்து சோனுன் அக்காவின் பெயர் வந்து போகும் வரை எழுந்திருக்கவும் இல்லை.

பேருந்து நிறுத்தத்தில் வாயைத் திறந்தார்.

"உள்ள சிரிச்சது நீ."

"ஆமாக்கா."

"அது நடிப்பு இல்ல."

"இல்லக்கா."

"என்ன சொல்லி உன்னைச் சிரிக்க வெச்சா?"

சோனுன் அக்காதான், மாட்டைப் பற்றிச் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார்.

"நான் கூட்டிட்டு வந்த ஆளையா?"

"ஆமா."

பேருந்து வந்தது. சாபிரா ஏறிப் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிறு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. குமுஷாய் வழக்கம்போல டீக்கு மூன்று கிண்ணம் எடுத்து வைத்தார். ஒலிக்கூடத்தில் சோனுன் அக்கா முதன்முறையாக ஒரு போலீஸ்காரருக்குப் பெண்கள் செருப்பில் நடந்தார். நான் சொன்ன பிறகுதான் கவனித்தார்.

இலை உதிர்கிற சமயத்தில் தொலைபேசி வந்தது. மகன் புது வீடு கட்டியிருக்கிறான், ஆடு வெட்டுகிறோம், இருவரும் வாருங்கள் என்றார் சாபிரா. வைப்பதற்கு முன்னால், "அந்த மாட்டுக்காரன்கிட்ட பேசிட்டேன். ஊசிக்குக் காசு உண்டுன்னு சொல்லிட்டேன்," என்றும் சொன்னார்.

விருந்தில் நடந்ததை இருவரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். சோனுன் அக்கா சொன்னதில் சத்தம் அதிகம். மற்றபடி இரண்டும் ஒன்றுதான்.

எங்கள் ஊர்ப் பந்திகளில் ஆட்டின் ஒவ்வொரு எலும்புக்கும் உரியவர் உண்டு. முறை மாறினால் பல வருடம் பேச்சுவார்த்தை இருக்காது. வெளி விருந்தாளி என்பதால் சோனுன் அக்காவுக்கு எப்போதும் விலாத் துண்டுதான். அன்றும் சாபிராவின் கணவர் கை அந்தத் துண்டுக்குப் போனது.

"அது இல்ல," என்றார் சாபிரா. "அவளுக்கு நெஞ்செலும்பு."

"நெஞ்செலும்பு வீட்டு மாப்பிள்ளைக்கு இல்லையா?"

"எது யாருக்குன்னு எனக்குத் தெரியாதா? வைங்க."

பந்தியில் ஒரு கணம் யாரும் மெல்லவில்லையாம். யாரோ டீயை உறிஞ்சினார்கள். ஒரு மருமகள் ரொட்டித் தட்டை நகர்த்தினாள். பிறகு ஒருவர் புது வீட்டுக் கூரைக்கு என்ன செலவானது என்று கேட்க, பேச்சு கூரைக்குப் போனது.

சோனுன் அக்காவுக்கு ஆட்டுக் கொழுப்பு ஆகாது. நெஞ்செலும்பில் பாதி கொழுப்புதான். சாபிரா எதிரே உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, தட்டு காலியாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். சோனுன் அக்கா ஒரு துணுக்கு மிச்சம் வைக்கவில்லை.