பனியன் துணியில் முடிந்த சோளம்

என் வீட்டுக்காரர் பெருமாநல்லூரில் பத்து மிஷின் போட்டுப் பனியன் தைத்துக் கொடுக்கிறவர். மாடும், சோளம் விதைக்கிற காடும் என் பொறுப்பு. அவர் காட்டுக்குள் கால் வைப்பதே போன் பேசத்தான். சிக்னல் அங்கேதான் நன்றாகக் கிடைக்கும்.

போன கோடையில் மாட்டுத் தீவனத்துக்கு வைத்திருந்த சோளத்தட்டுப் போர் தீர்ந்துபோய், மூலனூர்ப் பக்கம் வரை வண்டி அனுப்பித் தட்டு வாங்க வேண்டியதாயிற்று. அன்றைக்கே சொல்லிவிட்டார்: “அடுத்த தடவையும் இப்படி அலைய உட்டீன்னா ரெண்டு மாட்டையும் குடுத்துடலாம் புள்ள.”

இரண்டும் நான் கன்றிலிருந்து வளர்த்தவை. எனக்குப் பகீர் என்றது. ஆனாலும், “அதுக்கு வேலையே வராதுங்க” என்று வீறாப்பாகச் சொல்லி வைத்தேன்.

புரட்டாசி விதைப்புக்கு நானே எடுத்து வைத்த செஞ்சோளம் டிரம்மில் இருந்தது. கலந்து விதைக்கத் தட்டைப்பயறு மட்டும் வேண்டும். குண்டடத்து விதைக் கடைக்குக் கிளம்பினால், இவரும் வண்டியில் ஏறிக்கொண்டார். துணியில் இழை எண்ணுகிற சின்ன பூதக்கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. கடையில் கம்பு, மக்காச்சோளம், தீவனச் சோளம் என்று ஒவ்வொன்றாகக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தார்.

“ஏனுங்க, இதுல ஷேடு மாறுதுங்களே?”

“மாடு ஷேடு பாக்காதுங்க” என்றார் கடைக்காரர்.

எனக்கு மானம் போயிற்று. கடைசியில் அறுக்க அறுக்கத் தழையும் என்று கடைக்காரர் சொன்ன ஒரு தீவனச் சோளத்தைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றார். சரி, வரப்புக்கு அந்தப் பக்கம் அவர் சோளம், இந்தப் பக்கம் என் சோளம் என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் நூறு விதையை எண்ணி, ஈரமான பனியன் துண்டில் முடிந்து தொட்டி ஓரம் வைத்தார்.

“சாம்பிள் ஓகே ஆகாம பல்க் ஆர்டர் ஓட்டக்கூடாது. உன்ற சோளத்துலயும் நூறு குடு.”

“என்ற சோளத்துக்கு டெஸ்ட்டுங்களா? உங்க பார்ட்டிகிட்டப் போய்க் காட்டுங்க சாம்பிளை.”

மூன்றாம் நாள் முடிச்சை அவிழ்த்தால் தொண்ணூற்று மூன்று முளைத்திருந்தன. அதைப் போட்டோ எடுத்துக் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். ஆர்டர் கொடுக்கிற கம்பெனியில் சாம்பிள் பார்த்து ஒப்புதல் தருகிற மெர்ச்சண்டைசர், எதற்கு என்றே கேட்காமல், “அப்ரூவ்டு” என்று பதில் அனுப்பினார். அன்று முழுக்க இவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

மழை பெய்தது. ஈரம் காய்வதற்குள் என்று இருட்டிலேயே விதையை அள்ளிக்கொண்டு போய் விதைத்தோம். பத்தாம் நாள் அவர் பக்கம் பச்சைப் பசேல் என்று நின்றது. என் பக்கம் இங்கே ஒன்று, அங்கே ஒன்று. செஞ்சோளம் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் விரலால் மண்ணைக் கிளறிப் பார்த்தேன். விதையெல்லாம் ஓட்டை விழுந்து வெறும் மாவாகக் கிடந்தது. ஓடிப்போய் டிரம்மைத் திறந்தால் மிச்சச் சோளத்தில் வண்டுகள் சாவகாசமாக ஊர்ந்துகொண்டிருந்தன. மறுபடி விதைக்க மண்ணில் ஈரம் இல்லை. மாடு போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் வந்து பார்த்தார், போன் பேசிக்கொண்டே தன் பக்கம் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஐப்பசிக் கடைசியில் ஒரு காலை, மாட்டுத் தரகர் காட்டில் வந்து நின்றார். கோடையில் இவர் சொல்லி வைத்ததாம்.

“இப்ப குடுக்கறாப்புல இல்லீங்க” என்றார், போன் பேச வந்திருந்த இவர். “மாட்டைக் குடுத்துப்போட்டு இத்தனை சோளத்தையும் நானுங்களா திங்கறது?”

தரகர் ஆளுயரம் நின்ற பயிரைப் பார்த்தார். பிறகு என் சோளத்தின் பக்கம் திரும்பினார்.

“இது ஏனுங்க இப்படிக் கெடக்குது? யாரு வெதச்சது?”

நான் தரையைப் பார்த்தேன். கோடையில் நான் பேசிய வீறாப்புக்கும், சாம்பிள் தராத திமிருக்கும் இதுதான் நேரம். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

“இந்தப் பக்கம் மழை சரியாப் பேயலீங்க” என்றார் இவர்.

இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருப்பது ஓர் அடி வரப்பு. தரகர் வரப்பைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஆமாங்க, சில மழை அப்படித்தானுங்க பேயும்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருசம். எனக்காக அவர் ஒரு பொய் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.