வீமனுக்கு வேறு சட்டி

நாரந்தனை நாகபூசணிக்கு ஒரு குணம். ஒன்றைச் செய்வதில்லை என்று சொல்லிவிட்டால் பிறகு அந்தப் பேச்சே இல்லை. கலியாணமாகி ஐந்து வருஷமாகியும் பிள்ளை இல்லை என்று, 1961ஆம் ஆண்டு புருஷன் சிவபாதத்தோடு நயினாதீவு அம்மன் வாசலுக்குப் போனாள். பிள்ளை பிறக்கும்வரை மச்சம் மாமிசம் தொடுவதில்லை என்று இருவரும் நேர்ந்துகொண்டார்கள். வீட்டுக்கு வந்த கையோடு மீன்சட்டி இரண்டையும் வேலியோரம் போட்டு உடைத்தாள். அதன் பிறகு மீனோ இறைச்சியோ முட்டையோ அந்த வேலிப் படலையைத் தாண்டவில்லை. பிள்ளையும் தாண்டவில்லை.

சிவபாதம் கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கர். வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் ஆறேழு பேர் கூடி ஒரு வீடு எடுத்து, சமையலுக்கு ஆளும் வைத்துச் சமறி நடத்தினார்கள். அவரும் அதில் ஒருவர். வருஷத்தில் மூன்று தரம் மெயில் வண்டி ஏறி ஊருக்கு வருவார். சமறியில் மீன் இல்லாத நாள் கிடையாது என்பது ஊரறிந்த சங்கதி. நாகபூசணி அதைப் பற்றி அவரிடம் கேட்டதில்லை. வெளியூரில் கிடக்கிற ஆம்பிளை, என்னதான் செய்வார் என்று விட்டுவிட்டாள். விட்டுவிட்டாள் என்று பேர்தான். கத்தரிக்காய்க் குழம்போடு தனியே சாப்பிட உட்காருகிற சில மத்தியானங்களில் அவள் மனம் வெள்ளவத்தைக்குப் போய், அங்கே அவருடைய சோற்றுக் கோப்பையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வரும்.

எழுபதாம் ஆண்டு பொங்கலுக்கு வந்தபோது சிவபாதம் ஒரு நாய்க்குட்டியைச் சாக்குப் பையில் வைத்துக் கொண்டுவந்தார்.

"நீர் தனிய இருக்கிறீர். தோட்டத்துக்கும் ஒரு காவல்" என்றார்.

வீமன் என்று பேர் வைத்தாள். பேரில் இருந்த பலம் உடம்பில் ஒருநாளும் வரவில்லை. பருப்பும் சோறும், சில நாளில் மோரும் சோறும் தின்று வளர்ந்த நாய் அது. ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. வீட்டுக்குப் பின்னால் இரண்டு பரப்பு நிலத்தில் அவள் மிளகாயும் கத்தரியும் பயிற்றையும் வைத்திருந்தாள். வேலியில் ஓர் ஓட்டை கிடைத்தால் போதும், ஊர் ஆடெல்லாம் உள்ளே நிற்கும். வீமன் ஓர் ஆட்டையும் அண்டவிட்டதில்லை. ஆட்டுக்காரர்களுக்கு அதன்மேல் தீராத கோபம்.

அதற்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கடற்கரைப் பக்கம் குருசுமுத்து வீட்டில் மீன் வெட்டுகிற நேரம் பார்த்துப் போய்விடும். குருசுமுத்து கடலுக்குப் போகிறவர். அவருடைய மனைவி அந்தோனியம்மா செதிலும் குடலும் தலையும் அள்ளிப் போடுவாள். வாயில் நாற்றத்தோடு திரும்பி வருகிற நாயை நாகபூசணி படலைக்கு வெளியே நிறுத்தி, மஞ்சள் கரைத்த தண்ணீரை ஊற்றிக் கழுவித்தான் உள்ளே விடுவாள். போகப் போக நாயும் அதைப் பழகிக்கொண்டது. மீன் தின்ற நாளில் தானாகவே படலையடியில் நின்று முழுக்குக்குக் காத்திருக்கும்.

எழுபத்துமூன்றில் எல்லாம் இறுகியது. கூப்பன் அரிசி குறைந்தது, பருப்பு கண்ணிலும் படவில்லை, பாணுக்குச் சங்கக்கடை வாசலில் விடியமுன்னம் வரிசை. நாகபூசணி மரவள்ளிக் கிழங்கைத் தானும் தின்று நாய்க்கும் வைத்தாள். வீமன் மோந்து பார்த்துவிட்டு, அவளுடைய மனம் நோகக்கூடாது என்பதுபோல இரண்டு துண்டு தின்றுவிட்டுப் படுத்துவிடும். மயிர் கொட்டியது. விலா எலும்பு தெரிந்தது. கடற்கரைக்கு நடக்கவும் அதற்குச் சீவன் இல்லை.

ஒருநாள் காலையில் அவள் கிணற்றடியால் வரும்போது நாலு ஆடுகள் மிளகாய்க் கன்றுகளை மேய்ந்துகொண்டு நின்றன. வீமன் பாத்தியருகில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தது. வந்த ஆத்திரத்தில் விளக்குமாறை எடுத்தாள். நாய் எழும்பப் பார்த்து, பின்னங்கால் மடிந்து விழுந்தது. விளக்குமாறைப் போட்டுவிட்டுத் தூக்கினாள். ஒரு கடகம் சருகைத் தூக்குகிற பாரம்கூட இல்லை.

மாட்டு வைத்தியம் பார்க்கிற ஆழ்வாப்பிள்ளைப் பரியாரியார் வந்து வாயைத் திறந்து பார்த்தார், பல் முரசைப் பார்த்தார்.

"நோய் வருத்தம் ஒண்டுமில்லைப் பிள்ளை. பட்டினி. நாய்க்கு மீன் குடும்."

"இந்த வளவுக்கை மச்சம் ஏலாது பரியாரியார். நேர்த்தி."

"நேர்த்தி உமக்கு. நாய் எந்தக் கோயில்லை நேந்தது?" என்று கேட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அன்று முழுவதும் அவளுக்கு வேலை ஓடவில்லை. மீனை உள்ளே எடுப்பது பெரிய காரியமல்ல. ஆனால் பிள்ளை பிறக்கும்வரை என்றல்லவா சொன்னது? இடையில் எடுத்தால், இனிப் பிறக்காது என்று தன் வாயாலேயே சொன்னதாகிவிடும். நாற்பத்துமூன்று வயதில் அவளுக்கு அது தெரியாமலில்லை. தெரிந்திருப்பது வேறு, சொல்வது வேறு.

அடுத்த நாள் வீமனைத் தூக்கிக்கொண்டு போய் அந்தோனியம்மாவிடம் கொடுத்தாள்.

"இஞ்சை நிக்கட்டும் அக்கா. உங்களிட்டை எண்டால் பிழைக்கும்."

"நான் பாக்கிறன் தங்கச்சி. நீங்கள் யோசியாதேங்கோ" என்றாள் அந்தோனியம்மா. நாயைத் தென்னையில் கட்டி, அவித்த மீன்தலையும் வைத்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் படலையடியில் ஏதோ அனுங்குவது கேட்டது. நாகபூசணி எட்டிப் பார்த்தாள். கழுத்தில் அறுந்த கயிற்றோடு வீமன் வெயிலில் கிடந்தது. படலை திறந்துதான் இருந்தது, ஆனால் உள்ளே வரவில்லை. வாயில் மீன் மணம். கழுவிவிடட்டும் என்று காத்துக் கிடந்தது.

அவள் மஞ்சள் கரைக்கவில்லை. அப்படியே அள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

கிணற்றடிக்கு அப்பால் மூன்று கல் வைத்து, புதுச் சட்டி ஒன்றில் அந்தோனியம்மா தந்த சூடைமீனைக் கிழங்கோடு போட்டு அவித்தாள். குசினி வேறு, கிணற்றடி வேறு என்று தனக்குத்தானே ஒரு சட்டம் சொல்லிக்கொண்டாள். மணத்துக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியவில்லை. பக்கத்து வளவுச் செல்லாச்சி வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"என்ன பூசணி, மீன் மணக்குது?"

"நாய்க்கு."

"ஓ, நாய்க்கோ" என்றாள் செல்லாச்சி. அந்த "ஓ" பின்னேரத்துக்குள் ஊரைச் சுற்றி வந்துவிட்டது.

இரண்டு மாதத்தில் வீமனுக்கு மயிர் முளைத்தது, குரல் திரும்பியது, ஆடுகள் பழையபடி வேலிக்கு வெளியே ஒழுங்கைக்குப் போயின. மீன் அவிக்கிற சங்கதியை மட்டும் அவள் புருஷனுக்கு எழுதவில்லை. மூன்று கடிதம் எழுதினாள், மூன்றிலும் மிளகாய் பூத்த கதைதான்.

சித்திரை வருஷப்பிறப்புக்கு இரண்டு நாள் முன்னதாகவே சிவபாதம் வந்துவிட்டார். பையை விறாந்தையில் வைத்துவிட்டு, மூக்கு இழுத்த பக்கமாக வந்து கிணற்றடியில் நின்றார். அவள் அகப்பையும் கையுமாக இருந்தாள்.

"நாய்க்குத்தான். சாகக் கிடந்தது" என்றாள்.

அவர் குனிந்து சட்டிக்குள் பார்த்தார். அந்தப் பார்வை அவளைச் சுட்டது.

"நீங்கள் சமறியிலை தின்னுறனீங்கள்தானே. நான் ஒருநாள் எண்டாலும் கேட்டனானே?"

"நான் தின்னுறேல்லை."

"எப்ப துவக்கம்?"

"அம்மன் வாசல்லை சொன்ன நாள் துவக்கம்."

அகப்பை அவள் கையில் அப்படியே நின்றது. "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லுறதுக்கு என்ன கிடக்கு? ரெண்டு பேரும் சேந்துதானே நேந்தனாங்கள்."

நாகபூசணி துவைகல்லில் உட்கார்ந்து அழுதாள். பன்னிரண்டு வருஷமாக அவருடைய கோப்பையில் தான் கண்ட மீனையெல்லாம் நினைத்து அழுதாள். வெட்கமாக இருந்தது. சிவபாதம் வேட்டியை மடித்துக் குந்தி, சட்டியை இறக்கி, சூடையை ஒவ்வொன்றாக எடுத்து முள் நீக்கி வைக்கத் தொடங்கினார். வீமன் பக்கத்தில் நின்று வாலை ஆட்டியது.

"உமக்கு இப்ப எத்தினை வயசு?" என்று நிமிராமலே கேட்டார்.

தெரிந்துகொண்டுதான் கேட்கிறார் என்பது அவளுக்கு விளங்கியது.

"நாப்பத்திமூண்டு."

அவர் தலையை ஆட்டினார். கடைசி மீனையும் முள் எடுத்து வைத்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"நாளைக்கு அந்தோனியம்மாட்டை மூண்டு பேருக்குக் காணக்கூடியதா மீன் வாங்கும்" என்றார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஓம் என்றாள்.