ஸ்கூடாய் வெயிலில் அரை நொடி

பெர்மாஸ் ஜெயாவில் குடியிருக்கும் ஐலீனிடம் "உன்னால் முடியாது" என்று சொல்லிப் பாருங்கள்; முடித்துக் காட்டும்வரை உங்களை விடமாட்டாள். வாரத்தில் ஐந்து நாள் விடியுமுன்னே மோட்டார்சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டி, சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்து மின்னணுச் சில்லுகளில் கீறல் தேடுகிற வேலை. விடுமுறையில் நிமிர்ந்து, வானத்தில் ஓடும் செயற்கைக்கோள்களைத் தேடுவாள். தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தி எத்தனையோ படம் எடுத்துவிட்டாள். விண்வெளி நிலையம் சூரியனைக் குறுக்கே கடக்கிற படம் மட்டும் சிக்கவில்லை. கடப்பதே அரை நொடி. அதுவும் ஐந்தாறு கிலோமீட்டர் அகலப் பட்டைக்குள் நிற்பவர்களுக்குத்தான் தெரியும்.

அக்டோபரில் ஞாயிறு பூசை முடிந்ததும் பன்னிரண்டு பேரை வீட்டு வாசலுக்கு அழைத்துவந்து, "திரையைப் பாருங்க" என்றாள். வானம் பளிச்சென்று இருந்தது. நேரம் வந்தது, போனது. ஒரு புள்ளிகூட வரவில்லை. அண்ணன் ரொனால்ட் சும்மா விடுவாரா?

"என்ன ஐலீன், உன் ஸ்டேஷன் உடம்பு சரியில்லன்னு எம்சி போட்டுடுச்சா?"

ஆறு மாதமாக எந்த விருந்துக்குப் போனாலும் இதே கேலி. போன மானத்தை மீட்கத்தான் இந்த ஞாயிறு அதே பன்னிரண்டு பேரையும் மறுபடி வரச் சொல்லியிருந்தாள். நேரம், காலை பதினொன்று இருபத்திரண்டு. பூசையைக்கூடச் சனி மாலையே பார்த்துவிட்டாள்.

ஒன்பது மணிக்கு மேகம் பார்க்கக் கைப்பேசியைத் திறந்தாள். இருக்கும் இடம் மாறியிருக்கிறது, புதுப்பிக்கவா என்று, கடக்கும் நேரங்களைப் பட்டியலிடும் செயலி கேட்டது. சரி என்று அழுத்தினாள். பட்டியலில் பதினொன்று இருபத்திரண்டைக் காணோம்!

பழைய பட்டியலுக்குத் திரும்பியபோதுதான் மேலே பொடி எழுத்தில் இருந்த ஊர் கண்ணில் பட்டது: உட்லண்ட்ஸ். தேநீர் இடைவேளையில் வேலையிடத்தில் உட்கார்ந்து தேடிய பட்டியல் அல்லவா! அக்டோபரிலும் இதே கூத்துதான். மயிரிழைக் கீறலைப் பிடிக்கிற கண்ணுக்கு இது தெரியவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"யாரும் வர வேண்டாம்னு சொல்லிடவா?" என்றார் கணவர் ரபேல்.

"எதுக்குங்க? அந்தப் பட்டை உட்லண்ட்ஸோட நின்னுடுமா? கடல் தாண்டி இந்தப் பக்கமும் வரும் லா."

வரைபடத்தில் கோட்டை விரலால் இழுத்துக்கொண்டே போனாள். கோடு நேராகப் பக்கத்து ஊர் ஸ்கூடாய்க்குள் நுழைந்தது. குழுவில் செய்தி போட்டாள்: "இடம் மாத்தியாச்சு. ஸ்கூடாய், பேரங்காடி மாடி கார் பார்க். தொப்பி கொண்டுவாங்க."

"மறுபடியும் எம்சியா?" என்று ரொனால்ட் பதில் போட்டார். ஆனாலும் முதல் கார் அவருடையதுதான்.

மாடியில் வெயில் கொளுத்தியது. ஐலீன் தொலைநோக்கியில் சூரிய வடிகட்டியை மாட்டினாள். செயலியில் இருந்த இடத்தின் பெயரை மூன்று தடவை வாய்விட்டுப் படித்தாள். நேரம் வந்ததும் கேமரா படபடவென்று அடித்து ஓய்ந்தது.

"வந்துச்சா?" எல்லாரும் கேட்டார்கள். யார் கண்ணிலும் எதுவும் படவில்லை. அவள் பதறாமல் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பதினான்காவது படத்தில் சூரியனின் ஓரத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. பெரிதாக்கினால் இரண்டு பக்கமும் இறக்கை. அடுத்த படத்தில் உள்ளே நகர்ந்திருந்தது. ஐலீனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ரொனால்ட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "இதுக்குள்ள மனுசங்க இருக்காங்களா?"

"இருக்காங்கண்ணே."

அவர் இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்த்தார். "குரூப்ல போடு" என்றார்.

போட்டாள். கீழே எழுதினாள்: "அக்டோபர்லயும் இது சரியான நேரத்துக்கு வந்துச்சு. நான்தான் தப்பான இடத்துல நின்னேன்."

பக்கத்திலேயே நின்ற அண்ணனிடமிருந்து முதல் பதில் வந்தது: "எம்சி கேன்சல்."