எழுதாத கை

என் அம்மா அடித்து அடித்தே பேர் வாங்கிய டீச்சர். இதைக் குறையாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. பிள்ளைகளின் இடது கையில் மட்டும்தான் அடிப்பாள். வலது கை எழுதுகிற கை, அதைத் தொடக்கூடாது என்பது அவள் சட்டம். "எழுதாத கைய நீட்டு" என்பாள். நாமேதான் நீட்ட வேண்டும். கண்ணை மூடிக்கொள்ளலாம், கையை இழுக்கக்கூடாது. இழுத்தால் ஒன்று இரண்டாகும். அந்த மரத்துண்டுக்கு அடிஸ்கேல் என்று பேர் வைத்தவருக்கு எங்கள் அம்மாவைத் தெரிந்திருக்க வேண்டும்.

நானும் அவள் வகுப்பில்தான் படித்தேன். விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் பள்ளிக்கூடம். காலை ரயிலில் இருவரும் போவோம். ரயிலில் அவள் அம்மா. மல்லாட்டை வாங்கி உடைத்து, கடலையை என் வாயில் போடுவாள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் டீச்சர். நாலாம் வகுப்பில் ஒருநாள் ஏழாம் வாய்ப்பாடு சொல்லும்போது வாய் தவறி, "மறந்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. வாய்ப்பாட்டுக்கு ஒரு அடி, அம்மா என்றதற்கு நாலு. "இங்க யாருடி உனக்கு அம்மா? டீச்சர்னு சொல்லு" என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டாள். கடைசி அடியில் ஸ்கேல் ஒடிந்தது. ஒடிந்த பாதி பறந்துபோய் முன்வரிசைப் பையன் நெற்றியைக் கிழித்தது.

மாலை ரயிலில் என் உள்ளங்கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே வந்தாள். விழுப்புரம் வரும்வரை கையை விடவில்லை. அவளை வெறுக்க எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன், முடிந்ததில்லை. அந்த எண்ணெய்க்காக மறுநாளும் அடிவாங்கத் தயாராக இருந்தேன். எனக்கு என் அம்மாவை அவ்வளவு பிடிக்கும்.

எழுபத்தெட்டு வயதில் அவளுக்கு மறதி வந்தது. பார்த்துக்கொள்ள நான் விழுப்புரத்து வீட்டுக்கே வந்துவிட்டேன். என்னை மறந்தாள், சாப்பிட்டதை மறந்தாள், அடிப்பதை மட்டும் மறக்கவில்லை. சோறு குழைந்திருந்தால் தட்டு பறக்கும். குளிப்பாட்டும்போது ஒருநாள் என் முழங்கையைக் கடித்து வைத்தாள். காலை எட்டு மணியானால் நைட்டிமேல் புடவையைச் சுற்றிக்கொண்டு, தோளில் பையும் கையில் தடியுமாகக் கேட்டருகே போய் நிற்பாள். நான் பூட்டி வைத்திருப்பேன்.

போன வருஷம் ஆடி மாதத்தில் அப்படி ஒரு காலை.

"கேட்ட தொறடி. வண்டி போயிடும். புள்ளைங்க காத்துக்கினு இருக்கும்."

"அந்த வண்டி போயி இருவது வருஷம் ஆச்சிம்மா. உள்ள வா."

கைத்தடி வந்த வேகத்தை நான் பார்க்கவில்லை. புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அவள் மறுபடியும் ஓங்கினாள். தடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவள் கன்னத்தில் அறைந்தேன். தடுப்பதற்காக அல்ல, வலிக்க வேண்டும் என்றே அறைந்தேன். நாற்பது வருஷத்துக் கோபம் அந்த ஒரு அறையில் இருந்தது. மூக்குக்கண்ணாடி தெறித்துச் செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் விழுந்தது. கன்னத்தில் என் விரல்கள் ஒவ்வொன்றாகச் சிவந்து எழும்பின.

அவள் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு நேராக நின்றாள். கண்ணை மூடி, இடது கையை நீட்டினாள்.

"இனிமே லேட்டா வரமாட்டேன் டீச்சர்."

நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நான்தாம்மா" என்றேன். அவள் கண்ணைத் திறந்து பின்னால் திரும்பிப் பார்த்தாள், நான் யாரை அம்மா என்று கூப்பிடுகிறேன் என்று.

தையல் போட்ட நர்ஸிடம் கேட்டில் இடித்துக்கொண்டதாகச் சொன்னேன். அம்மாவின் கன்னத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அதன்பிறகு அவள் இருந்த ஏழு மாதமும் நான்தான் டீச்சர். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள், படுக்கச் சொன்னால் படுத்தாள். மாத்திரையோடு போனால் கண்ணை மூடி இடது கையை நீட்டுவாள். மாத்திரை விழுந்ததும் மெல்லக் கண் திறந்து, அடி இல்லையா என்பதுபோல என்னைப் பார்ப்பாள். அவளைப் பார்த்துக்கொள்வது எனக்குச் சுலபமாகிவிட்டது. சொல்ல நாக்கு கூசுகிறது. ஆனாலும் சுலபமாகத்தான் இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் திண்டிவனத்திலிருந்து ஒரு வேன் நிறைய பழைய மாணவர்கள் வந்தார்கள். தலை நரைத்தவர்கள், தொப்பை வைத்தவர்கள். பாயசம் முடிவதற்குள் அடிவாங்கிய கதைகள் ஆரம்பித்துவிட்டன. யாருக்கு எத்தனை அடி, யார்மேல் எத்தனை ஸ்கேல் ஒடிந்தது என்று ஒரே போட்டி. ஒருவர் மடங்காத சுண்டுவிரலை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு இருந்தார். அவர்கள் சிரிக்கச் சிரிக்க எனக்கு அத்தனை பேரையும் வரிசையாக நிற்க வைத்துக் கையை நீட்டச் சொல்லி விளாச வேண்டும் போலிருந்தது.

நெற்றி கிழிந்த பையனும் வந்திருந்தார். இப்போது சீட் கவர் கடை வைத்திருக்கிறாராம். தழும்பு அப்படியே இருக்கிறது. வேன் கிளம்பும் நேரத்தில் தனியாக என்னிடம் வந்தார்.

"கடைசில டீச்சருக்கு ஞாபகமெல்லாம் தப்பிடுச்சின்னாங்க. உங்களயாவது அடையாளம் தெரிஞ்சிச்சாங்க?"

இவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. என் கை தானாகப் புருவத்துத் தையல் தழும்புக்குப் போனது.

"என்னை டீச்சர்னு கூப்பிட்டாங்க" என்றேன். "ஏன்னா, ஒருநாள் நான்..."

அவர் முடிக்க விடவில்லை. கண் கலங்கிவிட்டது. என் கையை இரண்டு கைகளாலும் எடுத்துப் பொத்திக்கொண்டார்.

"டீச்சர் வாயாலயே டீச்சருன்னு பேர் வாங்கிட்டீங்களே. குடுத்து வெச்சவங்கங்க நீங்க."

அவர் பொத்திக்கொண்டிருந்தது என் வலது கையை. அம்மாவை அறைந்த கை. நான் அதை இழுத்துக்கொள்ளவில்லை.